‘லுக் ஃபார்வர்ட் டு’ – பொருளும் பயன்பாடும்

‘லுக் ஃபார்வர்ட் டு’ என்பது ஆங்கிலத்தில் பேச்சிலும் கடிதங்களிலும் மிகுதியாக வழங்கும் ஒரு தொடர்வினை. இனி நடக்கவிருக்கும் ஒன்றை நினைத்து இப்போதே மகிழ்ந்திருத்தல், அது வரும் நாளை ஆவலோடு பார்த்திருத்தல் என்பது இதன் பொருள். தமிழில் ‘ஆவலுடன் எதிர்நோக்குதல்’ என்றால் ஏறக்குறைய முழுப்பொருளும் வந்துவிடும். இக்கட்டுரையில் ஆங்கிலத் தொடர்கள் ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன.

இந்த ஒரு வினையை மட்டும் தனியே எடுத்து விளக்கக் காரணம் உண்டு. வேலைக்கு விண்ணப்பிப்பவர், கல்லூரியில் இடம் கேட்பவர், முன்பின் அறியாத பேராசிரியருக்கு முதன்முறையாக மின்னஞ்சல் எழுதுபவர் எனப் பலரும் கடிதத்தின் கடைசி வரியாக எழுதுவது பெரும்பாலும் இந்தத் தொடரைத்தான். அதுவரை பிழையில்லாமல் எழுதி வந்தவர்கள்கூட அந்த வரியில் தடுக்கி விழுகிறார்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதே சரி. கடிதத்தைப் பெறுபவர் கடைசியாகப் படிப்பது அந்த வரி என்பதால் அங்குள்ள பிழை மற்ற இடத்துப் பிழையைவிடக் கூடுதலாகக் கண்ணில் படும்.

மூன்று சொல், ஒரு வினை

ஒரு வினைச்சொல்லோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘ஆஃப்டர்’ போன்ற சிறு சொற்கள் சேர்ந்து புதுப்பொருள் தருவதை ஆங்கிலத்தில் ‘ஃபிரேசல் வெர்ப்’ என்பார்கள். தமிழில் இதைத் தொடர்வினை எனலாம். ‘லுக்’ என்றால் பார். ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பராமரி. ‘லுக் ஃபார்’ என்றால் தேடு. ‘லுக் இன்டு’ என்றால் விசாரி அல்லது ஆராய். ஒட்டிக்கொள்ளும் சொல் மாறினால் பொருளே மாறிவிடுவதால் இவற்றைச் சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள்கொள்வது பயன் தராது.

இவ்வகை வினைகள் ஆங்கிலத்தில் பல நூற்றாண்டுகளாக உள்ளன. ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயரோ அண்மைக் காலத்தது. லோகன் பியர்சல் ஸ்மித் 1925இல் வெளியிட்ட ‘வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்’ என்ற நூலில் இப்பெயரைப் பயன்படுத்தினார். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி தமக்குச் சொன்ன பெயர் அது என்றும் அவரே குறித்திருக்கிறார். ‘லுக் ஃபார்வர்ட் டு’ இவ்வகையிலும் சற்றுத் தனியானது. இதில் ‘லுக்’ வினை, ‘ஃபார்வர்ட்’ வினையடை, ‘டு’ முன்னிடைச்சொல். மூன்றும் கூடி ஒரே வினையாக நிற்கின்றன. ‘புட் அப் வித்’ (பொறுத்துக்கொள்), ‘லுக் அப் டு’ (மதித்துப் போற்று), ‘ரன் அவுட் ஆஃப்’ (தீர்ந்துபோகப் பெறு) ஆகியவையும் இந்த மூன்று சொல் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இக்குடும்பத்து வினைகளின் நடுவே செயப்படுபொருளை நுழைக்க முடியாது. ‘டர்ன் ஆஃப்’ என்பதை ‘டர்ன் இட் ஆஃப்’ என்று பிரிக்கலாம். ‘லுக் இட் ஃபார்வர்ட் டு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ என்றே வரும்.

‘டு’வுக்குப் பின் வருவது எது?

பிழை பிறக்கும் இடம் இதுதான். ஆங்கிலத்தில் ‘டு’ என்ற ஒரே எழுத்துக்கோவை இரண்டு வேலைகளைச் செய்கிறது. ‘ஐ வான்ட் டு கோ’ (நான் போக விரும்புகிறேன்) என்பதில் அது வினையெச்சத்தின் அடையாளம். பின்னால் வினையின் அடிவடிவம் வரும். ‘ஐ கோ டு ஸ்கூல்’ (நான் பள்ளிக்குப் போகிறேன்) என்பதில் அது முன்னிடைச்சொல். பின்னால் பெயர் வரும். ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இரண்டாவது ‘டு’. ஆகவே அதன் பின் பெயர்ச்சொல் வரவேண்டும். வினை ஒன்றைச் சொல்லியாக வேண்டுமானால் அதை ‘இங்’ சேர்த்துத் தொழிற்பெயராக்கிய பிறகே அங்கே வைக்க முடியும்.

‘வி ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஹாலிடேஸ்.’ (விடுமுறையை ஆவலோடு எதிர்நோக்கியிருக்கிறோம்.) இங்கே ‘ஹாலிடேஸ்’ பெயர்ச்சொல்.

‘ஷி இஸ் லுக்கிங் ஃபார்வர்ட் டு சீயிங் ஹெர் கிராண்ட்சன்.’ (பேரனைப் பார்க்கப்போவதை நினைத்து அவர் மகிழ்ந்திருக்கிறார்.) இங்கே ‘சீயிங்’ தொழிற்பெயர்.

எந்த ‘டு’ எது என்று தெரியாமல் திண்டாடும்போது ஓர் எளிய சோதனை உதவும். ‘டு’வுக்குப் பின் ‘இட்’ என்ற சொல்லை வைத்துப் பார்க்க வேண்டும். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ நிறைவான வாக்கியம். எனவே வினை வந்தால் ‘இங்’ வேண்டும். ‘ஐ வான்ட் டு இட்’ நிற்கவே நிற்காது. எனவே அங்கே அடிவடிவம்தான். ‘ஐ ஹோப் டு இட்’, ‘ஐ டிசைடட் டு இட்’ ஆகியவையும் நிற்பதில்லை. தேர்வறையில் ஐந்து நொடி போதும்.

தமிழ் மாணவர் இப்பிழையைச் செய்தால் ‘தாய்மொழியின் தாக்கம்’ என்று சொல்லிவிடும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. அது பொருந்தாத குற்றச்சாட்டு. உண்மையில் தமிழ் இங்கே சரியான வழியைத்தான் காட்டுகிறது. ‘உங்களைச் சந்திக்க விரும்புகிறேன்’ என்னும்போது ‘சந்திக்க’ என்பது ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம். ‘உங்களைச் சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்’ என்னும்போது ‘சந்திப்பது’ பெயராகி, இரண்டாம் வேற்றுமை உருபையும் ஏற்றுச் ‘சந்திப்பதை’ என நிற்கிறது. ‘சந்திக்க எதிர்நோக்குகிறேன்’ என்று சொல்லிப் பார்த்தால் தமிழ்க்காதுக்கே அது உறுத்தும். ‘சந்திக்க’வுக்கு ‘டு மீட்’, ‘சந்திப்பதை’க்கு ‘மீட்டிங்’ என்று இணைத்து வைத்துக்கொண்டால் விதியை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. ‘எதிர்நோக்கு’ என்ற சொல்லின் அமைப்பும் ‘எதிர்’, ‘நோக்கு’ என ‘ஃபார்வர்ட்’, ‘லுக்’ இரண்டையும் ஒத்திருப்பது கூடுதல் வசதி.

இந்த இணைப்பு எல்லா வினைகளுக்கும் செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘பேச மறுத்தான்’ என்பது ‘ரெஃப்யூஸ்ட் டு ஸ்பீக்’, ‘பேசுவதைத் தவிர்த்தான்’ என்பது ‘அவாய்டட் ஸ்பீக்கிங்’ என அழகாகப் பொருந்தும். ‘வருவதாக வாக்களித்தான்’ என்பதோ ‘ப்ராமிஸ்ட் டு கம்’ ஆகிவிடும். துணைக்கு வைத்துக்கொள்ளலாமே தவிர, சட்டமாகக் கொள்ளக்கூடாது.

அப்படியானால் பிழை எங்கிருந்து வருகிறது? ஆங்கில வகுப்பிலிருந்தே வருகிறது. ‘டு வந்தால் அடிவடிவம்’ என்று கீழ்வகுப்பில் திரும்பத் திரும்ப எழுதவைக்கிறோம். ‘வான்ட் டு’, ‘ட்ரை டு’, ‘ஹேவ் டு’ என்று மாணவர் பார்ப்பதெல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆயிரம் முறை சரியாக வந்த விதியை ஆயிரத்தோராவது முறையும் அவர் பின்பற்றுகிறார். விதியில் பாதியைத்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டு ‘டு’க்களும் தோற்றத்தில் ஒன்றே என்பதும் சுவையான செய்தி. பழைய ஆங்கிலத்தில் வினையெச்சத்துக்கு முன்வந்த ‘டு’வும் முன்னிடைச்சொல்லாகவே இருந்தது. அதன் பின்வந்த வினை, பெயரைப்போல் நான்காம் வேற்றுமைக்கு ஒப்பான ஈறு ஏற்று ‘டோ ட்ரின்கென்னெ’ என்று நின்றது. ‘குடிப்பதற்கு’ என்னும் தமிழ் வடிவத்துக்கு அது மிக நெருக்கமானது. காலப்போக்கில் அந்த ஈறுகள் தேய்ந்து உதிர்ந்தன. ‘டு’ மட்டும் தன் இடப்பொருளை இழந்து வெறும் அடையாளமாக எஞ்சியது. ‘டு ட்ரின்க்’ பிறந்த கதை இது.

முன்னிடைச்சொல் ‘டு’வோடு முடியும் வேறு சில தொடர்களும் உண்டு. ‘அப்ஜெக்ட் டு’ (எதிர்ப்புத் தெரிவி), ‘வித் எ வியூ டு’ (என்னும் நோக்கத்தோடு), ‘இன் அடிஷன் டு’ (அதோடுகூட), ‘டெடிகேட்டட் டு’ (அர்ப்பணித்துக்கொண்ட) ஆகியவற்றின் பின்னும் வினை வந்தால் ‘இங்’ வேண்டும். இவற்றுள் மாணவரை மிகவும் குழப்புவது ‘யூஸ்டு டு’. ‘ஐ யூஸ்டு டு கெட் அப் எர்லி’ என்றால் முன்பெல்லாம் சீக்கிரம் எழுவேன், இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்று பொருள். ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி’ என்றால் சீக்கிரம் எழுந்து பழகிப்போய்விட்டது என்று பொருள். நடுவில் உள்ள ‘ஆம்’ என்ற சிறு சொல்லும் கடைசியில் உள்ள ‘இங்’கும் சேர்ந்து செய்தியையே தலைகீழாக்கிவிடுகின்றன.

எதிர்பார்ப்பு பலவகை

வடிவத்தில் கைகொடுக்கும் தமிழ், பொருளில் சற்றுக் காலை வாருகிறது. ‘எதிர்பார்க்கிறேன்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் நான்கைந்து ஆங்கில வினைகளின் வேலையைச் செய்துவிடுகிறோம். அதே சொல்லை மனத்தில் வைத்து ஆங்கிலம் எழுதும்போது ‘எக்ஸ்பெக்ட்’, ‘ஹோப்’, ‘வெயிட்’, ‘லுக் ஃபார்வர்ட் டு’ எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோகின்றன.

மழையை எடுத்துக்கொள்ளலாம். நாளை மழை பெய்யும் என்று வானிலை மையம் சொன்னால் அது ‘எக்ஸ்பெக்ட்’ செய்கிறது. நடக்கும் என்று கணிக்கிறது, விருப்பு வெறுப்பு அதில் இல்லை. பயிர் வாடி நிற்கும் உழவர், மழை வராதா என்று ஏங்கும்போது ‘ஹோப்பிங் ஃபார்’. வருமா வராதா என்ற ஐயம் அதில் இருக்கிறது. மழை உறுதி என்று தெரிந்து, நனைந்து விளையாடலாம் என்று மொட்டை மாடியில் துள்ளும் குழந்தை மட்டுமே ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’. நாளைக் காலை முகூர்த்தத்துக்குத் திறந்தவெளியில் பந்தல் போட்டிருக்கும் பெண்ணின் தகப்பனாரும் மழையை எதிர்பார்க்கிறார்தான். அவர் ‘எக்ஸ்பெக்ட்’ செய்கிறார். ‘லுக் ஃபார்வர்ட் டு’ என்று அவரைச் சொன்னால் அடிக்க வருவார்.

ஆக, ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இரண்டு செய்திகள் உள்ளன. நடக்கும் என்ற நம்பிக்கை ஒன்று. நடப்பதில் மகிழ்ச்சி மற்றொன்று. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வேறு வினைக்குப் போய்விட வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஆம் நாளில் தண்ணீர் வரும் என அறிவிப்பு வந்துவிட்டால், டெல்டா உழவர்கள் ‘ஆர் லுக்கிங் ஃபார்வர்ட் டு த ஓப்பனிங் ஆஃப் த டேம்’ எனலாம். அணையில் நீர்மட்டம் குறைந்து, திறப்பார்களா என்பதே கேள்வியாக இருக்கும் ஆண்டில் ‘ஆர் ஹோப்பிங் ஃபார்’ என்பதே பொருந்தும்.

‘எதிர்நோக்கு’ என்ற சொல்லிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. தமிழ் நாளிதழ்களில் ‘நாடு பெரும் நெருக்கடியை எதிர்நோக்குகிறது’ என்று எழுதுவது வழக்கம். அங்கே அதன் பொருள் ‘ஃபேஸ்’. ‘லுக் ஃபார்வர்ட் டு எ கிரைசிஸ்’ என்று பெயர்த்தால், நெருக்கடி எப்போது வரும் என்று நாடே ஆசையாகக் காத்திருப்பதாக ஆகிவிடும்.

எதிர்மறை வடிவம் இன்னும் கவனம் கேட்பது. ‘ஐ ஆம் நாட் லுக்கிங் ஃபார்வர்ட் டு த எக்ஸாம்’ என்ற வாக்கியத்தைத் ‘தேர்வை நான் எதிர்பார்க்கவில்லை’ என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு. அப்படியானால் திடீரென்று தேர்வு வைத்துவிட்டார்கள் என்றல்லவா பொருள் வரும்? ஆங்கில வாக்கியம் சொல்வது அதுவன்று. தேர்வு வரப்போவது தெரியும். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது என்பதைத்தான் ஆங்கிலேயர் தமக்கே உரிய அடக்கத்தோடு அப்படிச் சொல்கிறார்கள். பல் பிடுங்கிக்கொள்ளப் போகிறவர், வீடு மாற்றச் சாமான் கட்ட வேண்டியவர், பிடிக்காத உறவினரின் வருகைக்குக் காத்திருப்பவர் எல்லாருக்கும் இந்த எதிர்மறை வடிவம் பயன்படும்.

கடிதத்தின் கடைசி வரி

‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பது தங்கள் பதிலை எதிர்நோக்குகிறேன் என்னும் பொருளில் நெடுங்காலமாக வழங்கும் முடிப்பு வரி. இதில் ‘ஃப்ரம்’ விடுபடக்கூடாது. விடுபட்டால் ‘நீங்கள் பேசுவதையோ பாடுவதையோ காதால் கேட்க ஆவல்’ என்றாகிவிடும். கச்சேரிக்கு முன்னால் பாடகருக்கு எழுதினால் சரி. மாவட்டக் கல்வி அலுவலருக்கு எழுதினால் சரியில்லை.

‘ஐ லுக் ஃபார்வர்ட் டு’, ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ இரண்டும் இலக்கணப்படி சரியே. முன்னது முறைசார்ந்த கடிதத்துக்கு ஏற்றது. பின்னதில் நெருக்கம் கூடுதல்; நண்பருக்கும் பழகிய சக ஊழியருக்கும் அது இயல்பாக இருக்கும். ‘ஐ ஆம்’ இல்லாமல் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என்று தொடங்குவது சுருக்கமான மின்னஞ்சலில் ஏற்கத்தக்கது. விண்ணப்பக் கடிதத்தில் முழு வாக்கியமாக எழுதிவிடுவது நல்லது. ‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்’ என்பது எங்கும் ஏற்கப்படாது.

நம்மவர் கடிதங்களில் அடிக்கடி தென்படும் வேறு சில வடிவங்களையும் பார்க்கலாம். ‘லுக்கிங் ஃபார்வர்ட் ஃபார் யுவர் ரிப்ளை’ என்பதில் ‘ஃபார்’ தவறு. ‘வெயிட் ஃபார்’ என்பதன் வாடை அடித்து வந்தது அது. ‘லுக்கிங் ஃபார்வர்ட் யுவர் ரிப்ளை’ என்பதில் ‘டு’வே காணாமல் போய்விட்டது. பேச்சில் ‘டு’ மிக மெலிந்து ஒலிப்பதால் கேட்டு எழுதுவோர் அதைத் தவறவிடுகிறார்கள். ‘அவெயிட்டிங் ஃபார் யுவர் ரிப்ளை’ என்பதும் பிழை. ‘அவெயிட்’ தனித்தே செயப்படுபொருளை ஏற்கும்.

‘ஐ எக்ஸ்பெக்ட் யுவர் ரிப்ளை’ என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் எழுதாமல் இருப்பது நல்லது. ஆங்கிலத்தில் ஒருவரிடமிருந்து ஒன்றை ‘எக்ஸ்பெக்ட்’ செய்வதாகச் சொன்னால், அதைச் செய்வது அவருடைய கடமை என்ற தொனி வந்துவிடும். பணிவாக எழுத நினைத்தவர் மிரட்டுவதுபோல் எழுதிவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. ‘எதிர்பார்க்கிறேன்’ என்ற தமிழ்ச்சொல்லில் அந்த முறுக்கு இல்லாததால் நேரும் இடர் இது. மதிப்பெண் குறையும் பிழைகளைவிட இத்தகைய தொனிப் பிழைகள்தான் வாழ்க்கையில் விலை கேட்கின்றன. மதிப்பெண்ணையாவது ஆசிரியர் குறைத்துக் காட்டுவார். வேலை தருபவர் காரணம் சொல்வதில்லை.

விண்ணப்பதாரர் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த வினை ‘நடக்கும்’ என்ற உறுதியை உள்ளடக்கியது என்று மேலே கண்டோம். நேர்காணலுக்கே அழைப்பு வராத நிலையில் ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஜாயினிங் யுவர் கம்பெனி’ என்று எழுதினால், வேலை கிடைத்துவிட்டதாக அவரே முடிவு செய்துகொண்டதுபோல் தோன்றும். பணியாணை கைக்கு வந்தபின் அதே வரியை எழுதினால் மிகப் பொருத்தம். அதற்கு முன் பதிலை எதிர்நோக்குவதாகவோ, நேரில் பேசும் வாய்ப்பை எதிர்நோக்குவதாகவோ எழுதலாம். ‘ஐ வுட் வெல்கம் தி ஆப்பர்ச்சூனிட்டி டு மீட் யூ’ என்பதும் நல்ல வரி. ‘ஆப்பர்ச்சூனிட்டி’க்குப் பின் வருவது வினையெச்சத்து ‘டு’ என்பதால் இங்கே ‘மீட்’ என்ற அடிவடிவமே சரி.

வாக்கியத்தில் வேறு இடங்கள்

செய்பவர் வேறொருவராக இருந்தால் அவரை ‘டு’வுக்கும் ‘இங்’குக்கும் நடுவில் வைக்கலாம். ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு யூ கமிங் ஹோம்’ (நீ வீட்டுக்கு வருவதை ஆவலோடு பார்த்திருக்கிறேன்). பழைய இலக்கண நூல்கள் இங்கே ‘யூ’வுக்குப் பதில் ‘யுவர்’ என்றே எழுதச் சொல்லும். முறைசார்ந்த எழுத்தில் இன்றும் அது நன்றாகவே இருக்கிறது. பேச்சில் ‘யூ’ பரவலாகிவிட்டது.

காலம் ‘லுக்’ என்ற சொல்லில் மட்டுமே மாறும். ‘ஹி லுக்ஸ் ஃபார்வர்ட் டு’, ‘தே லுக்ட் ஃபார்வர்ட் டு’, ‘ஐ ஹேவ் பீன் லுக்கிங் ஃபார்வர்ட் டு’ என எப்படி மாறினாலும் ‘ஃபார்வர்ட் டு’ அசையாது. அழுத்திச் சொல்ல ‘ரியலி’ என்ற சொல்லை ‘லுக்கிங்’குக்கு முன் சேர்க்கலாம். செயப்பாட்டு வினையாக இதை ஆள்வது அரிது. ‘ஆவலோடு எதிர்பார்க்கப்பட்ட திரைப்படம்’ என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘ஈகர்லி அவெயிட்டட்’ என்ற வேறு தொடர் இருக்கிறது.

கேள்வியில் ‘டு’ கடைசியில் தனித்து நிற்கும். ‘வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்வர்ட் டு?’ என்பதில் பின்னால் ஒன்றும் வரவில்லையே என்று எண்ணி ‘டு’வை வெட்டிவிடுகிறார்கள், வெட்டினால் வாக்கியம் நொண்டும். அந்த ‘டு’வுக்கு உரிய பெயர் ‘வாட்’ என்ற வடிவில் முன்னாலேயே வந்துவிட்டது. ‘சம்திங் டு லுக் ஃபார்வர்ட் டு’ என்ற வழக்கில் இரண்டு ‘டு’க்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். முதலாவது வினையெச்சத்தின் அடையாளம், ஆகவே அடுத்து ‘லுக்’ என்ற அடிவடிவம். இரண்டாவது முன்னிடைச்சொல், அதற்குரிய பெயர் ‘சம்திங்’. நாள்கள் நகராமல் கிடக்கும் நோயாளிக்கு ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருவாள் என்ற ஒன்று இருந்தால், ‘ஷி ஹேஸ் சம்திங் டு லுக் ஃபார்வர்ட் டு’ என்பார்கள்.